எவர்கிரீன் டெரஸிலிருந்து பள்ளிக்கூடம் வரை

எவர்கிரீன் டெரஸ் என்ற தெருவில், சிம்ப்சன் குடும்பத்தின் வீட்டு வாசலில் இளஞ்சிவப்பு நிறக் கார் ஒன்று நிற்கும். அதில் குடும்பத் தலைவர் ஹோமரை ஏற்றிச் சாலைக்கு இறக்கி, க்விக்-ஈ-மார்ட் கடை வரை ஓட்டிச் செல்வதுதான் ‘தி சிம்ப்சன்ஸ்: ஹிட் அண்ட் ரன்’ என்ற வீடியோ கேம் நமக்குத் தரும் முதல் வேலை. சாலையின் மேல் அம்புக்குறிகள் வழி காட்டும். அவசரப்படுத்த யாரும் இல்லை. ஒரு வீடு, அதற்கு அடுத்து ஃபிளாண்டர்ஸின் வீடு, ஒரு வளைவு, பிறகு தெருக்கோடியில் ஒரு கடை. இவ்வளவுதான் அந்தப் பயணம். ஆனால் இந்தச் சிறிய தூரத்தை முதன்முறை ஓட்டிக் கடந்தபோது எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சி, அதற்குப் பின் நான் விளையாடிய எத்தனையோ பெரிய, அழகான வீடியோ கேம்களில் எனக்குத் திரும்பக் கிடைக்கவில்லை. கடந்த விடுமுறையில் தம்பி, தான் பத்திரமாக வைத்திருந்த பழைய சிடிக்களை எடுத்து வந்தான். இருவரும் சேர்ந்து ஆட்டத்தை முதலிலிருந்து கடைசிவரை மறுபடியும் ஆடி முடித்தோம். அந்த மகிழ்ச்சி எங்கிருந்து வந்தது என்பது இந்த முறைதான் எனக்குத் தெளிவாக விளங்கியது.

சிம்ப்சன்ஸ் தொடரை நாங்கள் ஸ்டார் வேர்ல்ட் சேனலில் பார்த்து வளர்ந்தவர்கள். 1987-இல் வேறொரு நிகழ்ச்சியின் இடையே வரும் குறும்படங்களாகத் தொடங்கி, 1989 டிசம்பரில் தனித் தொடராக வளர்ந்த அந்தக் கார்ட்டூனில், ஸ்பிரிங்ஃபீல்டு என்ற ஊருக்கு நிலையான வரைபடம் என்று ஒன்று இருந்ததில்லை. கதைக்குத் தேவைப்பட்டால் ஊருக்குள் கடற்கரை வரும். இன்னொரு வாரம் மலை வரும். அணுமின் நிலையம் ஒரு காட்சியில் வீட்டுக்கு எதிரிலேயே தெரியும், மற்றொன்றில் தொலைவில் புகைந்துகொண்டிருக்கும். அந்த ஊர் எந்த மாநிலத்தில் இருக்கிறது என்பதையே தொடர் திட்டமிட்டு மறைத்து வந்தது. பார்ப்பவருக்கு அது ஒரு குறையாகத் தோன்றாது. மோவின் மதுக்கடை ஒரு காட்சி, பள்ளிக்கூடம் ஒரு காட்சி, வீட்டு சோபா ஒரு காட்சி என்று தனித்தனித் துண்டுகளாகவே அந்த ஊர் நம் மனத்தில் இருக்கும். ஒரு துண்டிலிருந்து இன்னொன்றுக்கு எப்படிப் போவது என்ற கேள்வி நமக்கு எழுந்ததே இல்லை.

கனடாவின் வான்கூவர் நகரில் இருந்த ராடிகல் என்டர்டெயின்மென்ட் என்ற, இந்த ஆட்டத்தை உருவாக்கிய நிறுவனம் அந்தக் கேள்விக்கு விடை சொல்ல வேண்டிய நிலைக்கு வந்தது. 2001-இல் அவர்கள் இதே தொடரை வைத்து ‘ரோடு ரேஜ்’ என்ற ஆட்டத்தை வெளியிட்டிருந்தார்கள். பயணிகளை ஏற்றிக்கொண்டு நேரத்துக்குள் இறக்கிவிடுவது மட்டுமே அதில் இருந்தது. அது செகா நிறுவனத்தின் ‘கிரேசி டாக்சி’ ஆட்டத்தை மிக நெருக்கமாகப் பின்பற்றியதால் காப்புரிமை வழக்கு வந்து, நீதிமன்றத்துக்கு வெளியே சமரசத்தில் முடிந்தது. அதே 2001-இல் ‘கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ 3’ வெளிவந்து, ஒரு முழு நகரத்தையும் விளையாடுபவரின் கையில் கொடுத்துவிடலாம் என்று காட்டியிருந்தது. அடுத்த ஆட்டத்துக்கு அந்த வடிவத்தைத் தேர்ந்தெடுத்தபோது, ராடிகல் குழுவினர் தொடரின் துண்டுகளை ஒன்றோடொன்று சாலையால் இணைக்க வேண்டியதாயிற்று. பள்ளிக்கூடத்தை ஓரிடத்தில் ஊன்றிவிட்டால் பிறகு அதை நகர்த்த முடியாது. தேவாலயம், கல்லறைத் தோட்டம், அணுமின் நிலைய முதலாளி பர்ன்ஸின் மாளிகை, அணுமின் நிலையம் ஆகிய ஒவ்வொன்றுக்கும் ஒரு முகவரி வேண்டும். 2003 செப்டம்பரில் பிளேஸ்டேஷன் 2, எக்ஸ்பாக்ஸ், கேம்கியூப் ஆகியவற்றுக்கும், அதே ஆண்டு நவம்பரில் கணினிக்கும் இந்த ஆட்டம் வெளிவந்தபோது, பதினான்கு ஆண்டுகளாகத் திரையில் இருந்த ஒரு ஊரின் சாலைகளை அதன் ரசிகர்கள் தம் கையால் ஓட்டிக் கற்றுக்கொள்ள முடிந்தது.

ஆட்டத்தில் மொத்தம் ஏழு லெவல்கள் உண்டு. ஆனால் வரைபடங்கள் மூன்றுதான். ஹோமரோடு தொடங்கும் முதல் லெவல் நடக்கும் அதே குடியிருப்புப் பகுதிதான், அவர் மனைவி மார்ஜுக்குரிய நான்காம் லெவலிலும், மீண்டும் ஹோமருக்குரிய ஏழாம் லெவலிலும் வருகிறது. மகன் பார்ட்டின் இரண்டாம் லெவலும் கடைக்காரர் அபுவின் ஐந்தாம் லெவலும் மோவின் மதுக்கடை, நகர மன்றம், மருத்துவமனை ஆகியவை நிறைந்த நகர மையத்தைப் பகிர்ந்துகொள்கின்றன. மகள் லிசாவின் மூன்றாம் லெவலும் பார்ட் மீண்டும் வரும் ஆறாம் லெவலும் ஸ்க்விட்போர்ட் துறைமுகம், வானாய்வகம், காமிக்ஸ் கடை, கோமாளி கிரஸ்டியின் படப்பிடிப்பு நிலையம் ஆகியவை உள்ள கடற்கரைப் பகுதியில் நடக்கின்றன. மூன்றுமே பெரும்பாலும் வட்டமாகச் சுற்றி வரும் சாலைகள்; ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு வண்டியில் போக முடியாது. மூன்று வரைபடங்களை வைத்து ஏழு லெவல்களைச் செய்திருப்பதைச் சிக்கனம் என்று குறை சொல்பவர்களை நான் படித்திருக்கிறேன். என் கருத்து அதற்கு நேர்மாறானது. அந்தத் திரும்பி வருதலில்தான் இந்த ஆட்டத்தின் உயிர் இருக்கிறது.

இரண்டாவது மிஷனை எடுத்துக்கொள்கிறேன். லிசா தன் அறிவியல் செய்முறைப் பொருளை வீட்டிலேயே மறந்துவிட்டுப் பள்ளிக்குப் போய்விடுகிறாள். ஹோமர் அதைக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். தலைமையாசிரியர் ஸ்கின்னரின் காருக்கு முன்னால் பள்ளியை அடைய வேண்டும். முதல் முறை நான் சாலையை விட்டு விலகாமல், அம்புக்குறி காட்டிய வழியிலேயே ஒழுங்காக ஓட்டினேன். அமெரிக்கச் சாலை என்பதால் வண்டிகள் வலப்புறமாகப் போகும். இடப்புறம் ஓட்டிப் பழகிய கை, ஒவ்வொரு திருப்பத்திலும் எதிர்வண்டியின் முன்னால் போய் நின்றது. பக்கத்தில் அமர்ந்து திரை மூலையில் இருக்கும் சிறு வட்ட ரேடாரைப் பார்த்துக்கொண்டிருந்த தம்பி, “அக்கா, தோட்டத்து வழியா விடு, இல்லன்னா ஸ்கின்னர் முந்திடுவாரு” என்றான். வேலிகள் காகிதம்போல் உடைந்து விழுந்தன. புல்வெளிகளைக் குறுக்கே கடந்து மீண்டும் சாலையில் ஏறியபோது ஸ்கின்னரின் கார் பின்னால் வந்துகொண்டிருந்தது. ஒரு ஊரை அறிந்தவர்களுக்கு மட்டுமே தெரிந்த குறுக்குவழி என்பது அந்த நிமிடத்தில் எங்களுக்குச் சொந்தமாயிற்று. எங்கள் தெருவில் எந்தச் சந்து எங்கே போய் முடியும் என்பதைச் சைக்கிளில் சுற்றிக் கற்றுக்கொண்ட வயதுக்கும் இதற்கும் இடையில் பெரிய தூரம் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

இப்படிக் குறுக்கே பாய்வதற்கு ஆட்டம் ஒரு விலை வைத்திருக்கிறது. பொருள்களை உடைத்தால், மனிதர்கள் மேல் மோதினால், ரேடாரைச் சுற்றியுள்ள வளையம் சிறிது சிறிதாக நிறையும். முழுதும் நிறைந்துவிட்டால் காவல்துறைக் கார்கள் துரத்தத் தொடங்கும். பிடிபட்டால் ஐம்பது நாணயங்கள் அபராதம். ஆட்டத்தின் பெயரே இந்த வளையத்தைத்தான் குறிக்கிறது. ஆனாலும் இங்கே யாரும் சாவதில்லை. மோதப்பட்டவர் உருண்டு விழுந்து, எழுந்து, ஒரு வார்த்தை திட்டிவிட்டு நடையைக் கட்டுவார். சாலையில் போகும் வண்டியை நிறுத்தினால் ஓட்டுநரை இழுத்து எறிவதும் கிடையாது. அவருடைய வண்டியில் நாமும் ஏறிக்கொள்கிறோம், அவ்வளவே. வன்முறைக்காகப் பேசப்பட்ட ஒரு விளையாட்டு வடிவத்திலிருந்து அதன் சுதந்திரத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, கொடுமையை வெளியே விட்டுவிட்ட இந்தத் தேர்வை நான் மிகவும் மதிக்கிறேன். அதனால்தான் பள்ளியில் படித்துக்கொண்டிருந்த தம்பியோடு கூடத்தில் அமர்ந்து இதை ஆட முடிந்தது. அம்மாவும் அவ்வப்போது வந்து நின்று பார்த்துவிட்டுப் போவார்.

கதையும் அந்த ஊரின் மேல் உள்ள அக்கறையிலிருந்தே பிறக்கிறது. ஊரெங்கும் குளவி வடிவில் பறக்கும் சிறு கேமராக்கள் தோன்றுகின்றன. கறுப்பு வேன்கள் வீடுகளின் முன் நிற்கின்றன. ‘பஸ் கோலா’ என்ற புதிய பானத்தை எல்லோரும் குடிக்கிறார்கள். ஹோமர் வேனைப் பின்தொடர்ந்து பர்ன்ஸின் மாளிகை வரை போகிறார். அது பீட்சா கொண்டுவரும் வண்டி என்று தெரிகிறது. பார்ட் காணாமல் போகிறான். லிசா அவனைத் தேடிக் கண்டுபிடிக்கிறாள், ஆனால் அவன் சித்தம் கலங்கிப் பிதற்றுகிறான். வயலில் தோன்றிய விசித்திர வட்டத்தின் வடிவம் அந்தக் கோலாவின் சின்னம் என்பது மார்ஜின் லெவலில் வெளிப்படுகிறது. இறுதியில், காங், கோடோஸ் என்ற இரண்டு வேற்றுக்கிரகவாசிகள் ஊர் முழுவதையும் தங்கள் ரியாலிட்டி நிகழ்ச்சிக்கான மேடையாக்கி, மக்களைப் பைத்தியமாக்கி, அதைப் படம் பிடித்து ஒளிபரப்புகிறார்கள் என்பது தெரியவருகிறது. அமெரிக்கத் தொலைக்காட்சியில் அத்தகைய நிகழ்ச்சிகள் அலையாக எழுந்திருந்த காலத்தில் எழுதப்பட்ட கதை இது. தொடரின் எழுத்தாளர்களான மேட் செல்மன், டிம் லாங், மேட் வார்பர்ட்டன் ஆகியோரே இதையும் எழுதினார்கள். தொடரில் குரல் கொடுக்கும் நடிகர்களே இதிலும் பேசினார்கள். ஒவ்வொரு லெவலிலும் இருபது குளவிக் கேமராக்கள் ஒளிந்திருக்கும். அவற்றைத் தேடி உடைப்பதற்காகக் கூரைகளின் மேலும் சந்துகளுக்குள்ளும் ஏறி இறங்கியபோது, வண்டியில் போகையில் கண்ணில் படாத ஊரின் மூலைகளை நாங்கள் கால்நடையாகவே கற்றுக்கொண்டோம்.

அதேபோல் ஒவ்வொரு லெவலிலும் ஏழு சேகரிப்பு அட்டைகள், ஆக மொத்தம் நாற்பத்தொன்பது. ஒவ்வொன்றும் தொடரின் ஏதோ ஒரு அத்தியாயத்தில் வந்த ஒரு பொருளைக் காட்டும். தம்பிக்கு அந்த அத்தியாயங்கள் அத்தனையும் நினைவில் இருந்தன. அட்டையைக் கையில் எடுத்ததும் அந்தக் கதையை அவன் சொல்லத் தொடங்கிவிடுவான், வண்டி அப்படியே நடுச்சாலையில் நிற்கும்.

அபுவைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக எனக்கு மனம் வரவில்லை. சத்யஜித் ராயின் திரைப்படங்களில் வரும் சிறுவனின் பெயரைச் சுமந்த, க்விக்-ஈ-மார்ட் கடையை நடத்தும் இந்தியர் அவர். 2003-இல் ஒரு இந்தியப் பாத்திரத்தைக் கையில் எடுத்துக்கொண்டு ஒரு முழு லெவலை ஆடுவது எங்களுக்குப் புதிய அனுபவமாக இருந்தது. அவருடைய கதையில் எனக்குப் பிடித்த ஒன்று உண்டு: மக்களின் மனத்தைக் கெடுக்கும் கோலாவைத் தன் கடையில் விற்றோமே என்ற குற்ற உணர்வுதான் அவரை வீதிக்கு இறக்குகிறது. அந்தப் பானம் எங்கிருந்து வருகிறது என்று தேடிக்கொண்டு அவர் அருங்காட்சியகம் வரை போகிறார். விற்ற பொருளுக்குத் தானே பொறுப்பு என்று நினைக்கும் ஒரு கடைக்காரர்! ஏழு லெவல்களில் மிகவும் நேர்மையான நோக்கத்தோடு வண்டியை எடுப்பவர் அவர்தான். ஆனால் அந்த வாயிலிருந்து வரும் குரல், ஹாங்க் அசாரியா என்ற அமெரிக்க நடிகர் மிகைப்படுத்திப் பேசிய உச்சரிப்பு. அந்த உச்சரிப்பை வைத்துத் தாங்கள் கேலி செய்யப்பட்டதை அமெரிக்காவில் வளர்ந்த தெற்காசியர்கள் 2017-இல் ஓர் ஆவணப்படத்தில் பேசினார்கள். 2020-இல் அசாரியா அந்தப் பாத்திரத்துக்கு இனிக் குரல் கொடுப்பதில்லை என்று அறிவித்தார். அன்று எங்களைத் தொந்தரவு செய்யாத அந்தக் குரல், இம்முறை ஐந்தாம் லெவல் முழுவதும் என்னைத் தொந்தரவு செய்தது. பாத்திரத்தின் மேல் இருந்த அன்பும் அந்த உறுத்தலும் சேர்ந்தே இருந்தன. இரண்டில் ஒன்றை விலக்கிவிட்டு எழுதினால் நான் உண்மை பேசியதாகாது.

ஆட்டத்தில் குறைகள் உண்டு. மிஷன்களைப் பிரித்துப் பார்த்தால், ஓரிடத்துக்கு நேரத்துக்குள் போவது, ஒரு வண்டியை முந்துவது, ஒரு வண்டியை இடித்து நொறுக்குவது, சிதறிய பொருள்களைப் பொறுக்குவது என்ற நான்கைந்து வகைகளே மாறி மாறி வருகின்றன. சில மிஷன்களைத் தொடங்கவே குறிப்பிட்ட ஒரு காரையோ உடையையோ நாணயம் கொடுத்து வாங்கியிருக்க வேண்டும். கதை விறுவிறுப்பாகப் போகும் நேரத்தில் பெட்டிகளை உடைத்து நாணயம் சேர்க்கப் போவது அலுப்பூட்டுகிறது. ஆறாம் லெவலின் நேரக் கணக்கு இன்றும் எனக்கு நியாயமாகப் படவில்லை.

ஏழாம் லெவல் தொடங்கும்போது இவையெல்லாம் மறந்துபோகின்றன. வேற்றுக்கிரகவாசிகள் கோலாவை ஊரின் குடிநீரில் கலந்துவிட, இறந்தவர்கள் எழுந்து நடமாடுகிறார்கள். அன்று ஹாலோவீன். ஹோமர் வாசலில் நிற்கிறார். எதிரே அதே எவர்கிரீன் டெரஸ். வானத்தின் நிறம் மாறியிருக்கிறது, தெருவில் நடப்பவர்கள் பிணங்கள், பழகிய வீடுகள் இருண்டு நிற்கின்றன. ஆனால் சாலைகள் அதே சாலைகள். எங்கே திரும்ப வேண்டும் என்று அம்புக்குறி காட்டும் முன்பே என் விரல்கள் திரும்பிவிட்டன. ஒரு ஊரை நன்றாக அறிந்த பிறகு அதைச் சிதைந்த கோலத்தில் பார்க்கும்போது மட்டுமே எழும் ஒரு கலக்கம் உண்டு; ஒரு கார்ட்டூன் ஊருக்காக அந்தக் கலக்கம் எனக்குள் எழுந்தது. முதல் லெவலில் அவ்வளவு பொறுமையாகக் கடைக்கும் பள்ளிக்கும் எங்களை அலைய வைத்தது, இந்த நேரத்துக்காகத்தான் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

கடைசி மிஷன்கள் அந்த நம்பிக்கையை உறுதிப்படுத்துகின்றன. அணுமின் நிலையத்திலிருந்து கதிரியக்கக் கழிவு நிரம்பிய பீப்பாயை வண்டியில் ஏற்றிக்கொண்டு பள்ளி மைதானம் வரை கொண்டுபோக வேண்டும். அங்கே மேலே நிற்கும் வேற்றுக்கிரக விண்கலம் தன் ஒளிக்கற்றையால் அதை உறிஞ்சிக்கொள்ளும். பலமாக மோதினால் பீப்பாய் வெடித்துவிடும். நிதானமாகப் போனால் நேரம் தீர்ந்துவிடும். மூன்று பகுதிகளாக வரும் இதன் கடைசிப் பகுதி, இந்த ஆட்டத்தை ஆடிய எல்லோர் நினைவிலும் தழும்பாக நிற்பது. நாங்கள் எத்தனை முறை தோற்றோம் என்று எண்ணவில்லை. ஒரு கட்டத்துக்குப் பிறகு தம்பி ரேடாரைப் பார்ப்பதையே விட்டுவிட்டான். “பிரேக் பிடிக்காத, கையை மட்டும் எடு” என்று ஒவ்வொரு வளைவுக்கும் முன்னால் மெதுவாகச் சொல்லிக்கொண்டே வந்தான். வண்டியின் வேகமோ விரல்களின் திறமையோ அங்கே போதாது. எந்த இடத்தில் சாலை குறுகும், எந்த வளைவில் எதிர்வண்டி வரும், எந்த மேட்டில் சக்கரம் தரையை விட்டு எழும் என்பது தெரிந்திருக்க வேண்டும். அவை எங்களுக்குத் தெரிந்திருந்தன.

இந்த ஆட்டத்தை இன்று புதிதாக வாங்க வழியில்லை என்பது எனக்கு உண்மையாகவே வருத்தம் தருகிறது. வெளியிட்ட விவெண்டியின் கேம்ஸ் பிரிவு 2008-இல் ஆக்டிவிஷனோடு இணைந்தது. அந்த ஆக்டிவிஷனை 2023-இல் மைக்ரோசாஃப்ட் வாங்கியது. சிம்ப்சன்ஸை வைத்து ஆட்டம் செய்யும் உரிமை எலக்ட்ரானிக் ஆர்ட்ஸுக்குப் போனது. தொடரோ 2019-இல் ஃபாக்ஸிடமிருந்து டிஸ்னியின் கைக்கு மாறியது. ராடிகல் நிறுவனம் 2012-இல் பெரும் ஆட்குறைப்புக்கு உள்ளானது. இத்தனை கைகள் மாறியதில், பதிவிறக்கிக்கொள்ளும் வடிவில் எந்த இணையக் கடையிலும் இந்த ஆட்டம் விற்பனைக்கு வரவே இல்லை. பழைய சிடிக்களை வைத்திருப்பவர்கள்தான் அதைக் காப்பாற்றி வருகிறார்கள். ரசிகர்கள் எழுதிய மென்பொருள் இருப்பதால்தான் அது எங்கள் புதிய கணினியில், அகலத் திரையில் பிசகில்லாமல் ஓடியது. மூன்று வரைபடங்களையும் ஒரே ஊராக இணைக்கும் மாற்றத்தைக்கூட அவர்கள் செய்து முடித்திருக்கிறார்கள். எவர்கிரீன் டெரஸிலிருந்து புறப்பட்டு, மோவின் கடையைக் கடந்து, கடற்கரை வரை நிற்காமல் ஓட்டிச் செல்லலாம்.

விடுமுறை முடிந்து தம்பி ஊருக்குக் கிளம்பும்முன் அதைத்தான் ஆடினோம். மிஷன் எதையும் எடுக்கவில்லை. இளஞ்சிவப்புக் காரை அவன் ஓட்டினான். பக்கத்தில் அமர்ந்து நான் வழி சொன்னேன். துறைமுகம் வரை போய், வண்டியை நிறுத்திவிட்டு, வந்த வழியே வீட்டுக்குத் திரும்பினோம். சிடிக்களை அவன் என்னிடமே விட்டுவிட்டுப் போனான்.